வெள்ளிக்கிழமை சாக ஒரு ஆள்

எந்த ஸ்டேஷன் என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் மெமோ வரும். திருச்சியைச் சுற்றி இருக்கிற சின்ன ஸ்டேஷன்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பிளாட்பாரம், ஒரு மேம்பாலம், ஒரு டீக்கடை, டிக்கெட் கவுண்டரில் நான். வீடு ஸ்ரீரங்கத்தில். என் வீட்டுக்காரர் புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மகள் வெளியூரில் படிக்கிறாள். ஆக வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அந்த இரண்டு பேரும் பதினோரு நாளாகப் பேசிக்கொள்ளவில்லை. அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

ஆபீஸில் என்னை மூன்று நாள் பேரிடர்ப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். தீ வந்தால் என்ன செய்வது, வெள்ளம் வந்தால் என்ன செய்வது, ரயில் கவிழ்ந்தால் யாரை முதலில் தூக்குவது என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். நான் எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு அவசரப் பை தயார் செய்தேன். டார்ச், பிஸ்கட் பாக்கெட் இரண்டு, ஆதார் நகல், பிளாஸ்திரி, உப்புச் சர்க்கரைப் பொடி, விசில். வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியடித்து மாட்டிவிட்டு, “இதை யாரும் தொடக் கூடாது” என்று வீட்டில் இருந்த ஒரே ஒரு ஆளுக்கு உத்தரவு போட்டேன். அவரும் நல்ல மாணவன் மாதிரித் தலையாட்டினார்.

ஒரு சாயங்காலம் இடியும் மழையுமாக வந்து கரண்ட் போய்விட்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். கம்பீரமாக நடந்து போய்ப் பையைத் திறந்து டார்ச்சை அமுக்கினேன். எரியவில்லை. பேட்டரியைக் காணோம். அது டிவி ரிமோட்டுக்குப் போயிருந்தது, கிரிக்கெட் பார்க்க. பிஸ்கட் பாக்கெட்டைத் தொட்டால் தட்டையாக இருந்தது. இரண்டையும் தின்றுவிட்டு, கவரை மட்டும் அழகாக நாலாக மடித்து உள்ளே வைத்திருக்கிறார் வாத்தியார்.

“எக்ஸ்பயரி ஆகப் போகுதேன்னு சாப்பிட்டேம்மா. வேஸ்ட் ஆகக் கூடாதுல்ல?”

“அவசரம்னு ஒண்ணு வந்தா என்னங்க பண்றது? எனக்கே ஏதாவது ஒண்ணு ஆயிட்டா?”

“உனக்கா? உனக்கு ஒண்ணும் ஆகாது. எமனே நேரா வந்தாலும், ஒரிஜினல் ஆதார் இருக்கா, ஃபாரத்தை சரியா பூர்த்தி பண்ணுங்க, பக்கத்து கவுண்டருக்குப் போங்கன்னு திருப்பி அனுப்பிடுவ.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. இருபத்து நாலு வருஷம் ஒருத்தருக்கு இட்லி அவித்துப் போட்டிருக்கிறேன். எனக்கு ஒன்று ஆகிவிட்டால் இந்த மனுஷன் பதறுவாரா, இல்லை ரிமோட்டைத் தேடுவாரா? அந்தக் கேள்வி மனசுக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. அன்றோடு பேச்சை நிறுத்தினேன். அவரும் சளைத்தவர் இல்லை, அவரும் நிறுத்தினார்.

பேச்சு இல்லை என்றால் தகவல் இல்லை என்று நினைக்காதீர்கள். “சட்னி ஃப்ரிட்ஜுல இருக்கு, வேணுங்கிறவங்க எடுத்துக்கலாம்” என்று நான் குக்கரைப் பார்த்துச் சொல்வேன். “இன்னிக்கு ஸ்பெஷல் கிளாஸ், லேட்டாகும்” என்று அவர் காலண்டரைப் பார்த்துச் சொல்வார். குக்கரும் காலண்டரும் எங்களைவிட நல்ல தாம்பத்தியம் நடத்தின. ஆனால் வெள்ளிக்கிழமை ஸ்டேஷனில் விபத்து ஒத்திகை இருக்கிறது என்பதை மட்டும் நான் குக்கரிடமும் சொல்லவில்லை.

மாக் டிரில் என்போம் நாங்கள். யார்டில் ஓரமாக நிற்கிற பழைய பெட்டி ஒன்று தடம் புரண்டு தீப்பிடித்ததாகக் கணக்கு. ஸ்டேஷன் ஆட்கள், டீக்கடைக்காரர், போர்ட்டர்கள் எல்லாரும் அடிபட்டவர்களாக நடிக்க வேண்டும். மீட்புக் குழு வந்து தூக்கும். மேலே இருந்து ஒரு அதிகாரி கையில் ஸ்டாப் வாட்ச், கழுத்தில் விசிலோடு வந்து மார்க் போடுவார். அடிபட்டவர்கள் கழுத்தில் அட்டை மாட்டுவார்கள். பச்சை என்றால் நடக்கிற கேஸ். மஞ்சள் என்றால் கொஞ்சம் காத்திருக்கலாம். சிவப்பு என்றால் உடனே தூக்க வேண்டும். கறுப்பு என்றால் போயே போய்விட்டது, கடைசியில் எடுத்தால் போதும். புரோகிராமில் ஒரே ஒரு கறுப்பு அட்டைதான் போட்டிருந்தது. அதை மாட்டிக்கொள்ளத்தான் ஆள் கிடைக்கவில்லை.

எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் நல்ல மனுஷர். அதட்டவே வராது. அந்த அட்டையை வைத்துக்கொண்டு, பந்தியில் பாயசம் விசாரிப்பதுபோல ஒவ்வொருத்தரிடமாகப் போனார்.

தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் கழுத்தைக் காட்டினார். “மாலை போட்டிருக்கேன் சார். சாமி எப்படி சார் சாகறது?”

பார்சல் கிளார்க் போன மாதம்தான் எங்களிடம் மாற்றலாகி வந்தவர். அவர் எழுந்தே நின்றுவிட்டார். “ஞாயித்துக்கிழமை பொண்ணுக்கு நிச்சயதார்த்தம் சார். வெள்ளிக்கிழமை நான் செத்தேன்னு தெரிஞ்சா சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்க?”

“வேணும்னா ரெண்டு காலும் முறிஞ்சு படுக்கறேங்க” என்றார் டீக்கடைக்காரர். “கறுப்பு மட்டும் வேணாங்க. வெள்ளிக்கிழமை அதுவுமா.”

துப்புரவு வேலை பார்க்கிற அம்மா அட்டையைப் பார்த்ததுமே கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டார். ஸ்டேஷன் மாஸ்டர் சாரே செத்துவிடலாமே என்று யாரோ கேட்டதற்கு, “நான் செத்தா டிரில்லை யாருப்பா நடத்துறது?” என்று பரிதாபமாகக் கேட்டார். அதிகாரி வர இன்னும் இருபது நிமிஷம்தான் இருந்தது.

எனக்கு வந்ததே ஒரு கோபம். அவர்கள்மேல் இல்லை, காலையில் காலண்டரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போன ஆள்மேல்.

“கொண்டாங்க சார். நான் சாகறேன்.”

“மேடம், வீட்டுல சாரை ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு…”

“அவரையெல்லாம் ஒண்ணும் கேக்க வேண்டாம். மாட்டுங்க.”

அடுத்தது ரத்தம். சிவப்புச் சாயம் வாங்கிவர எல்லாரும் மறந்திருந்தார்கள். துப்புரவு அம்மாதான் வழி சொன்னார். மஞ்சள் பொடியும் சுண்ணாம்பும் ஒரு பக்கெட் தண்ணீரில் கரைத்தால் ரத்தம் மாதிரியே இருக்கும் என்றார். அதாவது ஆரத்தி. கரைத்துக்கொண்டு வந்தவர் எனக்கு நேராக வந்தபோது தயங்கினார். சும்மா ஊற்ற மனசு வரவில்லை. முதலில் என்னை மூன்று சுற்றுச் சுற்றினார். “ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு எல்லாம் போகட்டும், தீர்க்காயுசா இருக்கணும்” என்று வாழ்த்திவிட்டு, அப்புறம் தோளில் கவிழ்த்தார். திருஷ்டி கழித்துச் செத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். துவைத்தால் போய்விடும் என்றும் சொன்னார். அந்த வெந்தயக் கலர் சுங்குடிப் புடவையில் கறை இன்னும் இருக்கிறது.

போனையெல்லாம் வாங்கிக் கவுண்டர் மேஜைக்குள் வைத்துப் பூட்டினார்கள். ஒன்றாம் பிளாட்பாரத்தில் தூண் ஓரமாக, இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன். கடைசி விசில் ஊதுகிறவரை அடிபட்டவர்கள் அசையக் கூடாது, செத்தவர்கள் சுத்தமாக அசையக் கூடாது என்று அதிகாரி இரண்டு தடவை சொன்னார். வடக்கேயிருந்து வந்தவர். தமிழை ஆசையாகக் கற்றுக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசுவார்.

சைரன் அடித்தது. மீட்புக் குழு ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தது. ஓடி வந்தவர்கள் என் பக்கத்தில் வந்ததும் அப்படியே நின்று, வரிசையாக ஓரம் கட்டி, தூணைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த ஸ்ட்ரெச்சரும் அப்படியே சுற்றியது.

“ஏன் சுத்திப் போறீங்க? நேராப் போங்க! டைம் போகுது!” என்று அதிகாரி கத்தினார்.

“சார், கீழே ஆரத்தி ஊத்தியிருக்கு சார். மிதிக்கக் கூடாது.”

“அது ஆரத்தி இல்லை! ரத்தம்! ரத்தம்!”

“ரத்தம்னா மிதிச்சிருவோம் சார். இது ஆரத்தி.”

எனக்கு வயிறு குலுங்கியது. செத்தவள் சிரிக்கக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஒருவர் வந்து நாடி பார்ப்பது மாதிரி மணிக்கட்டைத் தொட்டு, அட்டையைப் பார்த்து, “ஐயோ பாவம்” என்று மனசாரச் சொல்லி, வெள்ளைப் போர்வையை என் தலைவரைக்கும் இழுத்து மூடினார். கறுப்பு அட்டை கடைசியில்தானே. நான் பாட்டுக்குக் கிடந்தேன். சிமெண்டுத் தரை சுட்டது. ஒரு எறும்பு முழங்கை வழியாக ஏறியது. அதற்காவது நான் உயிரோடு இருப்பது தெரிந்திருந்தது.

நான் அப்படிக் கிடந்த நேரத்தில் வெளியே என்ன நடந்தது என்பதைப் பிற்பாடு ஒவ்வொருத்தராகச் சொல்லித்தான் சேர்த்துக்கொண்டேன். இரண்டாம் பிளாட்பாரத்தில் ஒரு பாசஞ்சர் ரயில் நின்றிருக்கிறது. ஜன்னலோரத்தில் இருந்த ஏதோ ஒரு புண்ணியவான் போனில் வீடியோ எடுத்திருக்கிறார். ஓடுகிற ஆட்கள், சைரன் சத்தம், சிவப்பு வெள்ளத்தில் நான், என் முகத்தின்மேல் இறங்குகிற வெள்ளைப் போர்வை. அதோடு வீடியோ முடிந்துவிடுகிறது. ‘ஒத்திகை’ என்று எழுதிய பேனரை நாங்கள் ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தில் கட்டியிருந்தோம். ரயில் ஜன்னலுக்கு அது எங்கே தெரியப் போகிறது?

வீடியோ எங்கெங்கோ சுற்றி ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீதி வாட்ஸப் குரூப்புக்கு வந்து சேர்ந்தது. என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறார். அந்தச் சுங்குடிப் புடவையை எனக்கு எடுத்துக் கொடுத்ததே அவர்தான். பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டுத் தம்பியைக் கூப்பிட்டு, “ரயில் ஸ்டேஷன்ல ஆக்ஸிடென்டுடா, அவ போயிட்டாடா” என்று சொல்லியிருக்கிறார். போனை வைத்த கையோடு தலைக்குக் குளித்துவிட்டார். சாவுச் செய்தி கேட்டால் குளிக்க வேண்டுமே. “அழுதுக்கிட்டேதாண்டி குளிச்சேன்” என்று என்னிடம் சத்தியம் செய்தார், நம்புகிறேன். ஆனால் அதோடு விட்டாரா? ஈரத் தலையோடு மாற்றுச் சாவியைப் போட்டு எங்கள் வீட்டைத் திறந்து, நான் காலையில் ஊறப்போட்டிருந்த உளுந்தைக் கொண்டுபோய்க் கொல்லையில் கொட்டிவிட்டார். சாவு விழுந்த வீட்டில் மாவரைக்கக் கூடாதாம். அழுகையைப் புரிந்துகொண்டேன். உளுந்தை இன்னும் மன்னிக்கவில்லை.

எனக்கு இது எதுவும் தெரியாது. அரை மணி நேரத்துக்கும் மேலாகப் போர்வைக்குள் வியர்த்துக் கிடந்தேன். தூணுக்கு அந்தப் பக்கம், என்னிடமிருந்து பத்தடி தூரத்தில் ‘உதவி மையம்’ என்று ஒரு மேஜை போட்டுப் பார்சல் கிளார்க்கை உட்கார வைத்திருந்தார்கள். உறவினர்கள் பதறிக்கொண்டு வந்து விசாரிப்பார்கள், பொறுமையாகப் பதில் சொல்லி எல்லாவற்றையும் ஃபாரத்தில் எழுத வேண்டும் என்பது அவர் வேலை. உறவினராக நடிக்கப் பக்கத்து லெவல் கிராஸிங் கேட்மேனை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவர் அந்த நேரம் டீக்கடையில் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

செருப்புச் சத்தம் ஓடி வந்தது. மூச்சு வாங்குகிற சத்தம். அப்புறம் ஒரு குரல். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வந்தாலும் அந்தக் குரலை எனக்குத் தெரியாதா?

“சார், ஆக்ஸிடென்ட்டு… டிக்கெட் கவுண்டர்ல இருப்பாங்க சார்… எங்க வீட்டுல… எங்க சார் வச்சிருக்கீங்க?”

“பிரமாதம் சார்” என்றார் பார்சல் கிளார்க். என் வீட்டுக்காரரையும் அவர் பார்த்ததில்லை, அந்தக் கேட்மேனையும் பார்த்ததில்லை. “நல்லா பண்றீங்க. ஹெல்மெட்டைக் கழட்டிட்டு ஒண்ணொண்ணா சொல்லுங்க, எழுதிக்கிறேன். பேரு?”

அவர் என் பேரைச் சொன்னார். முழுப் பேரை, இனிஷியலோடு. வீட்டில் நான் ‘இந்தாம்மா’தான். ரேஷன் கடையைத் தவிர வேறு எங்கும் அவர் என் பேரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

“அட, நம்ம மேடம் பேரையே போட்டுட்டாங்களா? சரி. வயசு?”

“நாப்பத்தொன்பது.”

ஸ்டேஷனில் எல்லாருக்கும் நான் நாற்பத்தாறு. போர்வைக்குள் பல்லைக் கடித்தேன்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த நிமிஷம் எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. நன்றாகத் தேடட்டும் என்று இருந்தது. பதினோரு நாள் காலண்டரோடு பேசினாயே, இப்போது பதறு என்று இருந்தது. விசில் ஊதவில்லை என்பது ஒரு சாக்கு.

“அடையாளம் சொல்லுங்க சார். கரெக்டா சொல்லணும்.”

“வெந்தயக் கலர் சுங்குடி. முந்தானையில ஊக்கு குத்திக் குத்தி ஒரு இடம் கிழிஞ்சிருக்கும், மடிப்புக்குள்ள மறைச்சிருப்பா. வலது புருவத்துக்கு மேல ஒரு சின்னத் தழும்பு. சின்ன வயசுல துறையூர்ல கிணத்து மேட்டுல விழுந்தது. ரத்தம் பி பாசிட்டிவ், சார். பென்சிலின் ஒத்துக்காது, அதை டாக்டர்கிட்ட முதல்ல சொல்லிடுங்க. சார், நீங்க எழுதிக்கிட்டே இருக்கீங்களே, ஆளை எங்கன்னு சொல்லுங்க சார்.”

“மெதுவா, மெதுவா. பென்சிலின்… வேற ஏதாவது?”

பிறகு அவர் பேசியபோது, நாற்பது பிள்ளைகளை அடக்குகிற அந்தக் குரல் எங்கோ போயிருந்தது.

“மயக்கமா இருந்தா கூப்பிட்டுப் பாருங்க சார். வலது பக்கம் நின்னு கூப்பிடுங்க. இடது காது அவளுக்குச் சரியா கேக்காது. யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. இடது பக்கம் நின்னு கூப்பிட்டுட்டு, பதில் வரலை, முடிஞ்சுபோச்சுன்னு விட்டுடாதீங்க சார்.”

இதை நான் இதுவரை உங்களிடமும் சொல்லவில்லை. யாரிடமும் சொன்னதில்லை. ஐந்தாறு வருஷமாகவே இடது காது மந்தம். ஆபீஸுக்குத் தெரிந்தால் கவுண்டரிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்று பயம். வீட்டில் சொன்னால் கேலி செய்வார் என்று வீம்பு. கவுண்டர் கண்ணாடிப் பக்கம் வலது காதைத் திருப்பி உட்கார்ந்தே காலத்தை ஓட்டிவிட்டேன். ஆனால் இந்த மனுஷன் பஸ்ஸானாலும் பந்தியானாலும் சினிமாத் தியேட்டரானாலும் என் வலது பக்கத்து இடத்துக்கே அடம்பிடிப்பார். ஒவ்வொரு தடவையும் சின்னப் பிள்ளை மாதிரி என்ன அடம் என்று சண்டை போட்டிருக்கிறேன். எல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டு, எனக்கே தெரியாமல் எல்லாவற்றையும் எனக்குக் கேட்கவைத்திருக்கிறார். நான் என்னடாவென்றால், இவர் பதறுவாரா என்று பார்க்கத் தரையில் படுத்துக்கிடக்கிறேன். வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

விசில் பறந்தது. “கறுப்பு அட்டை! அம்மா, படுங்க! நீங்க செத்துட்டீங்க!” என்று அதிகாரி கத்திக்கொண்டு ஓடி வந்தார். பிறகு வந்த ரிப்போர்ட்டில், இறந்த நபர் ஒத்திகை முடியும் முன் அனுமதியின்றி நடமாடினார் என்று எழுதி, ஸ்டேஷனுக்கு மார்க் குறைத்திருந்தார்கள். குறைக்கட்டும். நான் ஆரத்தியை மிதித்துக்கொண்டே நடந்தேன்.

என் வீட்டுக்காரர் திரும்பினார். ஒரு கையில் ஹெல்மெட், மறு கையில் சாக்பீஸ் தூள். மேலெல்லாம் சிவப்பு வழிய, கழுத்தில் கறுப்பு அட்டையோடு நான் நடந்து வருவதைப் பார்த்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

“மேடம், நீங்க ஏன் எந்திரிச்சீங்க? சார் எவ்வளவு நல்லா நடிச்சுக்கிட்டிருந்தாரு” என்றார் பார்சல் கிளார்க்.

அப்புறம்தான் என் வீட்டுக்காரருக்கு விஷயம் புரிந்தது போலும். அட்டையைப் பார்த்தார், பக்கெட்டைப் பார்த்தார், பச்சை அட்டையோடு பீடி பிடித்துக்கொண்டிருந்த போர்ட்டரைப் பார்த்தார். முகம் சிவந்தது. வாத்தியார் குரல் திரும்பி வந்தது. ஒன்றாம் பிளாட்பாரம், இரண்டாம் பிளாட்பாரம், யார்டு வரைக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

“ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி? ஒரே ஒரு வார்த்தை! காலையில சட்னிக்கு வாய் இருக்கு, இதைச் சொல்ல வாய் இல்லையா உனக்கு? புத்தூர்லேருந்து எப்படி வந்தேன்னு எனக்கே தெரியலை…”

கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. ஸ்டேஷனே வேடிக்கை பார்த்தது. பதினோரு நாளைக்கு அப்புறம் நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

“கத்தாதீங்க. கேக்குது.”

அவர் நிறுத்தவில்லை. மேஜையைச் சுற்றி வந்து, என் வலது பக்கமாக நின்றுகொண்டு, இன்னும் சத்தமாகத் திட்டினார்.